காவல் யாருக்காக?

நகரத்தில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டது என்றாலும், அந்தி நேரத்தில் தெருவில் சென்ற ஒரு மாதின் கழுத்துச் சங்கிலி பறிபோயிற்று என்றாலும், மறுநாள் எழும் கோரிக்கைகள் எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கின்றன. போலீசாரின் தொகையைப் பெருக்க வேண்டும். மூலைக்கு மூலை காமிரா பொருத்த வேண்டும். பிடிபட்டவனை நாலு உதை உதைத்து விசாரிக்க வேண்டும். தர்மபுரி நகரத்தில் டீக்கடைப் பெஞ்சிலும் வர்த்தகர் கூட்டத்திலும் நாம் கேட்பது இந்தப் பேச்சே. ஆட்தொகையும் காமிராவும் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. தன் தெருவில் நடந்த குற்றத்தைக் கண்ணால் கண்ட ஒரு சாதாரணப் பிரஜை, எவர் துணையுமின்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து சென்று, தான் கண்டதைச் சொல்லத் துணிகிறானா? அவன் துணியாத ஊரில் ஆயிரம் கான்ஸ்டபிள்களை நிறுத்தினாலும் அவர்கள் கண் கட்டி விடப்பட்டவர்களுக்கே ஒப்பாவர். குற்றவாளியின் பெயர் தெருவுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு மட்டும் தெரியாது. இந்த நிலை மாறாதவரையில் நகரப் பாதுகாப்பைப் பற்றிய மற்றப் பேச்செல்லாம் வேரை விட்டு இலைக்கு நீர் வார்ப்பதே ஆகும்.

இன்றைய வழக்கம் என்ன? நமது ஜில்லாவில் ஒருவனுக்குப் பொருள் களவு போனாலும், அடிபட்டாலும், அவன் முதலில் தேடுவது ஸ்டேஷனை அல்ல. கட்சிக்காரர் ஒருவரையோ, வார்டுப் பிரமுகரையோ, ஸ்டேஷனில் 'பழக்கம்' உள்ள உறவினரையோ, வக்கீல் குமாஸ்தாவையோ தேடுகிறான். கூட ஒருவர் வராமல் உள்ளே போனால் வாதியாகப் போனவன் பிரதிவாதியாக வெளிவர நேரும் என்பது அவன் அச்சம். அந்த அச்சம் முழுவதும் கற்பனையென்று சொல்லக் கோர்ட்டுகளில் காலம் கழித்த நம்மால் முடியவில்லை. புகார் கொடுத்தவனுக்கு முதல் தகவல் அறிக்கை கிடைப்பதற்குப் பதிலாகச் சமுதாயப் பணிப் பதிவேட்டின் ரசீது ஒன்று கிடைக்கிறது. சி.எஸ்.ஆர். என்று மூன்று எழுத்தில் வழங்கும் அந்தச் சீட்டைப் பெற்றவர்களில் பலர், வழக்குப் பதிவாகிவிட்டதென்றே நம்பி வீடு திரும்புகிறார்கள். விசாரணைக்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே தீரவேண்டுமென்று, லலிதகுமாரி வழக்கில் 2013-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாமென்று சொல்லுகிறது. சட்டத்தில் குறைவில்லை. சட்டத்துக்கும் ஸ்டேஷன் மேஜைக்கும் நடுவில்தான் ஏழை மனிதன் நின்றுகொண்டிருக்கிறான்.

இந்தத் தூரம் நேற்று உண்டானதல்ல. 1829-ல் ராபர்ட் பீல் லண்டன் நகருக்குப் போலீஸ் அமைத்தபோது, பட்டாளத்தின் சிவப்பு உடுப்பு ஜனங்களை மிரட்டும் என்று கருதி, நீல உடுப்பும் சிறு தடியும் கொடுத்து அவர்களைத் தெருவில் நடக்க விட்டார்கள். அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு அந்த மாதிரியைக் கொண்டுவரவில்லை. அடிமைப்பட்ட அயர்லாந்தை அடக்கிவைக்க அமைத்த ஆயுதப் போலீசின் மாதிரியை, 1843-க்குப் பின் சிந்து தேசத்தில் நேப்பியர் பரீட்சித்துப் பார்த்தார். பிறகு அதுவே தேசமெங்கும் பரவிற்று. நமது சென்னை மாகாணத்தின் கதை இன்னும் வெட்கக்கேடானது. நிலவரி வசூலிப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்களா என்று ஆராய 1854-ல் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. ஆம் என்று அது 1855-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பலனாகப் பிறந்ததே 1859-ம் வருஷத்துச் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம். இரண்டு வருஷம் கழித்து அகில இந்தியப் போலீஸ் சட்டம் வந்தது. 1902-ல் கர்ஸன் பிரபு நியமித்த பிரேஸர் கமிஷன், அந்தப் போலீசிலும் லஞ்சமும் கொடுமையும் மலிந்திருப்பதாகக் கண்டது. ஆளுகிறவர்களுக்குக் காவலாக அமைந்த ஸ்தாபனம், ஆளப்படுகிறவர்களுக்குக் காவலாக எப்படி மாறும்?

அந்தப் போலீசின் கையிலும் அந்தச் சிறையின் இருட்டிலும் தம் உடலைக் குஷ்டத்துக்குப் பறிகொடுத்த சுப்ரமணிய சிவா, 1925 ஜூலையில் உயிர் நீத்தது நமது ஜில்லாவின் பாப்பாரப்பட்டியில்தான். அந்த மண்ணில் நின்று நாம் கேட்கிறோம்: 1947-ல் கொடி மாறியபின் ஸ்டேஷனின் மனம் மாறியதா?

மாறவில்லை என்பதற்கு வெளியூர்ச் சாட்சி வேண்டியதில்லை. 1992 ஜூன் 20-ந் தேதி அரூர் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள், கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் போலீசாரும் ரெவினியூ உத்தியோகஸ்தர்களும் நுழைந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஸ்திரீகளும் குழந்தைகளும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லையென்று அப்போதைய சர்க்கார் சாதித்தது. 1995-ல் ஹைகோர்ட் உத்தரவிட்ட பிறகே சி.பி.ஐ. விசாரணை ஏற்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் தீர்ப்பு வருவதற்குள் இறந்துபோனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென்று 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த 215 பேரில் 84 பேர் போலீசார். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல் அதே தேதியில், ஹைகோர்ட் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும், அன்றைய ஜில்லாக் கலெக்டர், போலீஸ் சூப்பரின்டென்டென்ட், வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. முப்பத்தொரு வருஷம்! வேலியே பயிரை மேய்ந்ததென்று நிரூபிக்க ஒரு தலைமுறை வேண்டியிருந்தது.

வாச்சாத்தியில் காவலன் அடித்தான். காவலன் உரிய வேளையில் உதவாமற்போன கதைகளும் நமக்கு உண்டு. 2000-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, நகரத்தை ஒட்டிய இலக்கியம்பட்டியில், கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலை மாணவிகள் வந்த பஸ், ஒரு கட்சித் தலைவிக்கு விதித்த தண்டனையைக் கண்டித்துக் கிளம்பிய கூட்டத்தாரால் பட்டப்பகலில் கொளுத்தப்பட்டது. மூன்று மாணவிகள் வெந்து மாண்டார்கள். அங்கே திரண்டு நின்றவர்கள் அந்தப் பெண்களைக் காப்பாற்ற முன்வராததைக் குறித்து 2010-ல் சுப்ரீம் கோர்ட் மனம் நொந்து எழுதிற்று. முதல் விசாரணையில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். பெண்ணைப் பறிகொடுத்த தகப்பனார் ஒருவர் ஹைகோர்ட் படியேறி முறையிட்டபின், வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு மறு விசாரணை நடந்து, 2007-ல்தான் தீர்ப்பு வந்தது. சாட்சி ஏன் பிறழ்ந்தான்? உண்மையைச் சொன்னால் தனக்குக் காவல் இல்லையென்று அவன் எண்ணினான். போலீசாரிடம் நம்பிக்கையில்லாத ஊரில் நியாயஸ்தலமும் கை முடங்கிப்போகும் என்பதற்கு இதைவிடத் திருஷ்டாந்தம் வேண்டுமா?

2012 நவம்பர் 7-ந் தேதி நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு கலப்பு விவாகத்தைக் காரணமாகக் கொண்டு, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. அது இருட்டில் திடீரென்று வந்து மறைந்த கொள்ளையல்ல. அந்த விவாகத்தைப் பற்றிய பகைமை வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது சுற்றுவட்டாரம் முழுவதும் அறிந்த விஷயம். அன்று சம்பவ இடத்தில் போதிய போலீஸ் படை இல்லையென்றும், வேண்டிய வேளையில் வந்து சேரவில்லையென்றும் பாதிக்கப்பட்டவர்களும் விசாரிக்கச் சென்ற குழுவினரும் முறையிட்டார்கள். இருநூறு வீடுகளைக் கொளுத்தும் கூட்டம் ஒரு நிமிஷத்தில் சேருவதில்லை. பகைமை புகைவதை முன்கூட்டி அறிந்து இரு தரப்பாரோடும் பேசக்கூடிய மனிதன் ஒருவன் அந்த வட்டாரத்தில் போலீஸ் உடுப்பில் இருந்திருந்தால்? இதுவே நமது கேள்வி.

இவை கிராமங்களில் நடந்தவையாயிற்றே, நகரத்துக்கு இவற்றால் என்ன என்று எவரும் நினைக்கலாகாது. தர்மபுரி நகரத்தின் முப்பத்துமூன்று வார்டுகளில் குடியிருப்போரில் பலர் இந்தக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களே. கடைவீதியில் மூட்டை தூக்குகிறவனும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணும், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற கிழவியும் தங்கள் ஊரின் நினைவைக் கூடவே சுமந்து வருகிறார்கள். ஆண்மக்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, முதியோரும் பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் அநேகம். போலீசாரின் துணை இவர்களுக்கே அதிகமாக வேண்டும். போலீசாரை அணுக அஞ்சுவோரும் இவர்களே.

அப்படியானால் பரிகாரம் என்ன? நமது முன்னோர் காலத்துக் காவல் முறையைப் புதுப்பிக்கலாமென்று சிலர் சொல்கிறார்கள். அந்த முறையில் பாராட்டத்தக்க அம்சம் ஒன்று இருந்தது. ஊரில் களவு போனால், காவல்காரன் பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இல்லையேல் அதன் விலையைத் தானே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு பல இடங்களில் இருந்தது. தன் எல்லைக்குத் தானே ஜவாப்தாரி என்ற அந்தத் தத்துவம் மேலானதே. ஆனால் அந்தக் காவல் ஒரு குடும்பத்துக்கும் ஒரு ஜாதிக்கும் பரம்பரைச் சொத்தாயிருந்தது. காவல் கூலி கொடாதவனின் மாடு காணாமற்போகும் விந்தையும் அதில் உண்டு. ஜவாப்தாரியை எடுத்துக்கொள்வோம், ஜாதியையும் தனிமனித அதிகாரத்தையும் குழியிலேயே விட்டுவிடுவோம்.

இந்தப் பாகுபாட்டை மறந்தால் என்ன ஆகுமென்பதை 2020-ம் வருஷம் நமக்குக் காட்டிற்று. 1993-ல் ராமநாதபுரத்தில் போலீஸ் சூப்பரின்டென்டென்ட் பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஜனங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஆனால் காலப்போக்கில், பல ஊர்களில், அந்த வாலிபர்கள் ஜனங்களின் குரலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதை விட்டு, ஸ்டேஷனின் தடியைத் தெருவுக்குக் கொண்டுவரலானார்கள். வாகனங்களை நிறுத்திச் சோதிப்பதும், அதட்டுவதும், ஊரடங்குக் காலத்தில் மக்களை விரட்டுவதும் அவர்களுடைய வேலையாயிற்று. 2020 ஜூனில் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், கடையை நேரங்கடந்து திறந்துவைத்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தகப்பனும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தக் கொடுமையில் 'நண்பர்கள்' சிலரும் சம்பந்தப்பட்டிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே ராஜ்யமெங்கும் அந்த இயக்கத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது போலீசார்மீதே என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருப்பினும் பாடம் தெளிவு. சட்டத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பில்லாதவன் கையில் அதிகாரத்தின் நிழலைக்கூடக் கொடுக்கலாகாது. ஜனங்கள் காவலில் பங்கு பெறவேண்டும் என்பதன் பொருள், ஜனங்களில் சிலருக்குத் தடி கொடுக்கவேண்டும் என்பதல்ல. தடி வைத்திருப்பவனைக் கேள்வி கேட்கும் உரிமை ஜனங்களுக்கு வேண்டும் என்பதே.

இந்த வழியில் வெற்றி கண்ட முயற்சிகள் நமது தேசத்திலேயே இருக்கின்றன. 1999-ல் திருச்சி நகரத்துக்குப் போலீஸ் கமிஷனராக வந்த ஜே. கே. திரிபாதி, நகரத்தை 57 'பீட்' வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கான்ஸ்டபிள்களை நிலையாக நியமித்தார். ஆர்டர்லி வேலையும் பாரா வேலையும் பார்த்து மனம் சலித்திருந்த சாதாரணக் கான்ஸ்டபிள், தன் வட்டாரத்துக்குத் தானே அதிகாரி என்ற பொறுப்பைப் பெற்றான். தெருக் குழாய்ச் சண்டையிலிருந்து ரவுடித் தொல்லைவரையில் ஜனங்கள் அவனிடமே சொன்னார்கள். பெயரிடாமல் புகார் எழுதிப் போடப் பொது இடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. சேரிகளைப் போலீசார் தத்தெடுத்து, இளைஞர்களுக்குப் படிப்புக்கும் தொழிலுக்கும் வழி தேடிக் கொடுத்தார்கள். 1998 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டதும், அதற்கு மூன்று மாதம் முன்பு அங்கே கலகம் நடந்ததும் எல்லோர் மனத்திலும் ஆறாத புண்ணாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் பல மதத்தினர் நெருங்கி வாழும் திருச்சி, போலீசாரைத் தன் வாசலுக்கு அழைத்துப் பேசிற்று.

பம்பாய்க்குப் பக்கத்திலுள்ள பிவண்டியின் கதை இன்னும் விசேஷமானது. 1984-ல் மதக் கலகத்தில் ரத்தம் பெருகிய நகரம் அது. 1988-ல் அங்கு வந்த போலீஸ் அதிகாரி சுரேஷ் கோப்டே, ஒவ்வொரு மொகல்லாவிலும் இரு மதத்தினரும் அடங்கிய கமிட்டிகளை அமைத்து, ஸ்டேஷன் அதிகாரியை அவற்றோடு அடிக்கடி உட்காரச் செய்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் தீப்பற்றி எரிந்தபோது, பிவண்டி அமைதியாயிருந்தது. படையால் அது வந்ததா? சமாதான காலத்தில் வளர்த்த பழக்கத்தால் வந்தது. கேரளத்தில் 2008-ல் இருபது ஸ்டேஷன்களில் தொடங்கிய 'ஜனமைத்ரி' முறையில் பீட் கான்ஸ்டபிள் வீடு வீடாகச் சென்று குடும்பங்களை அறிமுகம் செய்துகொள்கிறான். 2011-ல் இயற்றிய போலீஸ் சட்டத்தில் அதற்கு இடமும் கொடுத்தார்கள். ஜப்பானியர் 1874 முதலே தெருமுனையில் 'கோபான்' என்ற சிறு காவல் சாவடி வைத்திருக்கிறார்கள். வழி கேட்பவனும் பை தொலைத்தவனும் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

திருச்சியில் நடந்தது தர்மபுரியில் ஏன் வேரூன்றவில்லை? திருச்சியிலேயே அது அதே வேகத்தோடு ஏன் நீடிக்கவில்லை? ஒரு நல்ல அதிகாரி வந்தால் விளக்கு எரிகிறது. அவர் மாற்றலாகிப் போனால் அணைகிறது. ஜனங்களின் உரிமையாக இருக்கவேண்டியது ஓர் உத்தியோகஸ்தரின் தயவாக இருக்கும்வரையில் இப்படித்தான் நடக்கும். உரிமைக்குச் சட்டத்தில் வேர் வேண்டும். அந்த வேரை ஊன்றவே 2006 செப்டம்பர் 22-ந் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏழு உத்தரவுகள் பிறப்பித்தது. அவற்றில் இரண்டு நமது விஷயத்துக்கு முக்கியமானவை. ஸ்டேஷன் பொறுப்பிலுள்ள அதிகாரிக்கும் ஜில்லா சூப்பரின்டென்டென்டுக்கும் குறைந்தது இரண்டு வருஷம் ஒரே இடத்தில் பதவி இருக்கவேண்டும் என்பது ஒன்று. போலீசார்மீது வரும் புகார்களை விசாரிக்க ராஜ்யத்திலும் ஒவ்வொரு ஜில்லாவிலும் தனி அதிகார சபை வேண்டும், ஜில்லா சபைக்கு ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதி தலைமை வகிக்கவேண்டும் என்பது மற்றொன்று.

சென்னை சர்க்கார் 2013-ல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது உண்மையே. ஆனால் அந்தச் சட்டத்தின்படி ராஜ்ய சபைக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். ஜில்லா சபைக்குத் தலைவர் கலெக்டர், அங்கத்தினர்களில் ஒருவர் போலீஸ் சூப்பரின்டென்டென்ட். நீதிபதி உட்காரவேண்டிய நாற்காலியில், யார்மீது புகாரோ அவருடைய மேலதிகாரியே உட்காரும் ஏற்பாடு இது. வாச்சாத்தித் தீர்ப்பில் ஹைகோர்ட் எந்த உத்தியோகங்களின் பெயரைச் சொல்லி நடவடிக்கை எடுக்கச் சொன்னதோ, அதே உத்தியோகங்களிடம் புகார் கொடுக்கும்படி வாச்சாத்திப் பெண்ணிடம் சொல்வது நியாயமாகுமா? சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பெயரை எடுத்துக்கொண்டு பிராணனை விட்டுவிட்ட சட்டம் இது.

இதன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. 2025 ஜூன் மாதக் கடைசியில், சிவகங்கை ஜில்லா மடப்புரத்தில், கோவில் காவலாளியாயிருந்த ஒரு வாலிபர், நகை களவு போனதாக வந்த ஒரு புகாரின்பேரில் பிடித்துச் செல்லப்பட்டுப் போலீசார் அடித்ததில் உயிரிழந்தார். போலீசார் கைது செய்யப்பட்டார்கள்; வழக்கு சி.பி.ஐ.க்கு மாறிற்று, ஸ்டேஷனுக்குப் புறம்பாக இயங்கிவந்த 'தனிப்படை'கள் கலைக்கப்பட்டன. இவையெல்லாம் உயிர் போனபின் நடந்தவை. டீக்கடைப் பெஞ்சில் 'நாலு உதை உதைக்க வேண்டும்' என்று பேசுகிற நண்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த நாலு உதை யார்மீது விழும் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் நாமல்ல. தேர்ந்த திருடன் ஆள் வைத்துத் தப்புகிறான். ஆளில்லாத கூலிக்காரன்மீதே அது விழுகிறது. அவன் அடி பொறுக்காமல் செய்யாததை ஒப்புக்கொண்டால் உண்மைத் திருடன் உமது தெருவிலேயே உலாவுகிறான்.

தர்மபுரி நகரத்துக்கு வேண்டியதை நாம் பட்டவர்த்தனமாகச் சொல்லுகிறோம். முதலாவது, ஒவ்வொரு வார்டுக்கும் பெயர் தெரிந்த பீட் கான்ஸ்டபிள்கள் வேண்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருஷம் அவர்களை மாற்றலாகாது. மந்திரிகள் வரும்போதெல்லாம் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போகலாகாது. இரண்டாவது, மாதம் ஒருமுறை வார்டு ஜனங்கள் முன்னிலையில் ஸ்டேஷன் அதிகாரி உட்கார்ந்து, வந்த புகார்கள் எத்தனை, முதல் தகவல் அறிக்கையானவை எத்தனை, வெறும் சி.எஸ்.ஆர். சீட்டோடு நின்றவை எத்தனை என்று கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் பிரமுகர்களுக்கு மாலை போடும் கூட்டமாயிருந்தால் பயனில்லை. காலனியிலிருந்தும் சேரியிலிருந்தும் பெண்களிலிருந்தும் பிரதிநிதிகள் இருக்கவேண்டும். அவர்கள் பேசவும் வேண்டும். அந்தப் பிரதிநிதிகளுக்கு அடையாளச் சட்டையோ, சோதனை போடும் அதிகாரமோ, தடியோ கூடாது. மூன்றாவது, ஜில்லாப் புகார் சபைக்குச் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி நீதிபதியே தலைவராக இருக்கவேண்டும். நான்காவது, ஸ்டேஷன்களின் ஒவ்வொரு பகுதியிலும் காமிரா இருக்கவேண்டுமென்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவு முழுவதும் நிறைவேற வேண்டும். தெருவுக்குக் காமிரா கேட்பவர்கள் ஸ்டேஷனுக்கும் காமிரா கேட்கட்டும்.

இதற்கெல்லாம் ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள். போலீசாரின் கஷ்டத்தை நாம் அறியாதவர்களல்ல. ஓய்வின்றி இரவும் பகலும் வெயிலில் நிறுத்தப்படும் கான்ஸ்டபிளின் முகத்தில் புன்னகையை எதிர்பார்ப்பது அநீதி. தன் மேலதிகாரியிடம் நாள்தோறும் வசவு வாங்குபவன், தனக்குக் கீழ்ப்பட்டவனாகத் தான் கருதும் பிரஜையிடம் அதையே திருப்பிக் கொடுக்கிறான். ஆகையால் அவனுக்கு வார ஓய்வும், மரியாதையும், வட்டாரப் பொறுப்பும் கிடைப்பது ஜனங்களின் நலனுக்கே ஆகும். திருச்சியில் கான்ஸ்டபிள்களை மாற்றியது பிரசங்கமல்ல. அவர்களிடம் நம்பிக்கை வைத்து ஒரு வேலையை ஒப்படைத்ததே. கட்சிக்காரர் நுழைந்து கமிட்டிகளைக் கைப்பற்றிக்கொள்வார்களே என்றும் கேட்பார்கள். அந்த அபாயம் உண்டு. இப்பொழுது அவர்கள் ஸ்டேஷனுக்குள் கதவை மூடிக்கொண்டு செய்வதை, திறந்த கூட்டத்தில் பத்துப் பேர் முன்னிலையில் செய்வது அத்தனை சுலபமல்ல என்பதே நமது பதில்.

இறுதியாக, பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேஷனுக்குப் போன் செய்து ஒருவனை விடுவிப்பதும், மற்றொருவன்மீது வழக்குப் போடச் செய்வதும் ஊழியமென்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது ஊழியமல்ல, ஜனங்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே நின்று சுங்கம் வசூலிப்பதாகும். இன்று நம் ஆளுக்காகச் சட்டத்தை வளைத்தால், நாளை எதிரி ஆளுக்காகவும் அது வளையும். புகார் கொடுக்க அஞ்சுகிறவனோடு கூடச் செல்லுங்கள். ஆனால் சிபார்சுக்காகப் போகாமல், சட்டப்படி முதல் தகவல் அறிக்கை பதிவாகி அதன் பிரதி அவன் கைக்குக் கிடைக்கும்வரையில் உட்கார்ந்திருப்பதற்காகப் போங்கள். குற்றத்தைக் கண்டவர் சாட்சி சொல்லும் நாளில் கோர்ட் வாசலில் அவருக்குத் துணை நில்லுங்கள். இலக்கியம்பட்டியில் பஸ் எரிந்தபோது ஊர் பார்த்துக்கொண்டு நின்றது; நத்தத்தில் வீடு எரிந்தபோதும் நின்றது. போலீசாரைக் கேள்வி கேட்கும் உரிமை, பார்த்துக்கொண்டு நிற்கமாட்டோம் என்று துணிந்த ஜனங்களுக்கே முழுமையாக உண்டு. நகரத்தார் அந்தத் துணிவை அடைய, சர்க்கார் சட்டத்தைச் சீர்ப்படுத்தட்டும். நாம் வார்டு வார்டாக வேலையைத் தொடங்குவோம்.